சோலானி நீர்ப்பாலமும் மணலுக்குள் இறங்கிய கிணறுகளும்

ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன்மேல் மனிதரும் வண்டியும் போவது எங்கும் காணக்கூடியது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதன்மேல் இன்னோர் ஆற்றையே ஓடவிடுவது அரிது. குமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கண்டவர்கள் நம் வாசகர்களுள் பலர் இருப்பர். அங்கே பள்ளத்தாக்கைக் கடப்பது ஒரு வாய்க்கால். நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்ட சோலானி நீர்ப்பாலத்தின் மேலே கடந்து செல்வது கங்கை. கோடையில் ஹரித்வாரில் ஓடும் கங்கை நீரின் பெரும்பங்கைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் ஒரு கால்வாய், ரூர்க்கி நகரை ஒட்டிச் சோலானி என்னும் காட்டாற்றின் தலைக்குமேலாக நடந்து போகிறது. 1854 ஏப்ரல் 8 அன்று முதன்முறையாக அப்படி நடந்தது.

இந்தப் பாலத்தைப் பற்றிப் புகழ்ச்சியாக எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் கட்டி முடித்துப் பத்தாண்டுகள் ஆவதற்குள் இதனை முற்றிலும் தேவையற்ற செலவு என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் சாதாரணமானவர் அல்லர், ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் அணை கட்டித் தஞ்சையின் வயல்களைக் காத்தவர், கோதாவரியைக் கட்டி ஆந்திரத்தின் கண்கண்ட தெய்வமாக நிற்பவர். தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குக் காட்டனின் சொல் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஆகவே, அந்தச் செலவு எங்கே போயிற்று என்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதற்கு வருவோம்.

கதை ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது. 1837-38-இல் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோவாப் பகுதியில் மழை பொய்த்தது. ஆக்ரா பஞ்சம் என்று வரலாற்றில் இடம்பெற்ற அதில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் மடிந்தனர் என்று மதிப்பிடுவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிவாரணச் செலவு ஒருபுறம், நிலவரி இழப்பு மறுபுறம். கம்பெனியின் நெஞ்சில் இரக்கம் சுரந்ததா, கணக்குப் புத்தகம் உறுத்தியதா என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன என்று கொள்வதே நேர்மை. வறண்டு கிடந்த தோவாபின் இருபுறமும் வற்றாத இரு பேராறுகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான் எல்லாருடைய கண்ணிலும் பட்ட முரண்.

பிராபி காட்லி அப்போது யமுனையின் கிழக்குக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1802-இல் பிறந்தவர், பதினேழு வயதில் வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தவர். பொறியியலை எந்தக் கல்லூரியிலும் முறையாகப் பயின்றவரல்லர். முகலாயர் காலத்தில் வெட்டப்பட்டுத் தூர்ந்துபோயிருந்த பழைய கால்வாயை மீட்கும் வேலையில் 1825-இல் உதவியாளராகச் சேர்ந்தார். வேலையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. ஓய்வு நேரத்தில் சிவாலிக் மலையடிவாரத்தில் தொல்லுயிர் எச்சங்களைத் தோண்டியெடுத்தார். நண்பர் ஹ்யூ ஃபால்கனருடன் சேர்ந்து அவர் செய்த அந்த ஆராய்ச்சிக்காக 1837-இல் லண்டன் நிலவியல் கழகம் வொலாஸ்டன் பதக்கம் அளித்தது. மண்ணை அடுக்கடுக்காகப் படிக்கத் தெரிந்த அந்தக் கண், பின்னால் அவர் செய்த வேலைக்குப் பயன்படாமல் போயிருக்காது.

கங்கையிலிருந்து கால்வாய் வெட்ட முடியும் என்று முதலில் வற்புறுத்தியவர் காட்லியின் மேலதிகாரி ஜான் கால்வின். காட்லிக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. பஞ்சத்துக்குப் பிறகு அவரே இறங்கினார். ஆறு மாத காலம் நடந்தும் குதிரையேறியும் நிலத்தின் ஏற்றத்தாழ்வுகளை அளந்தார். அவருடைய அறிக்கையின் சாரம் இதுதான்: தோவாப் நடுவில் மேடு, இரு ஆறுகளும் அதன் இரு பக்கத்துப் பள்ளங்களில் ஓடுகின்றன. நடுமேட்டில் ஏறிய நீரை இருபுறமும் பாய்ச்சலாம், ஏறாத நீரால் பயனில்லை. ஆற்றில் நீர் நிலத்தைவிடத் தாழ்வாக ஓடுவதால், நிலம் சரிகிற வேகத்தைவிட மெதுவாகச் சரியும் கால்வாய் ஒன்றை வெகுதொலைவு மேலேயே தொடங்கினால்தான் அது ஓரிடத்தில் மேட்டைப் பிடிக்கும். கங்கை மலையை விட்டு இறங்கும் வாசல் ஹரித்வார். அங்கேயே தொடங்குவது என்று முடிவாயிற்று.

முடிவு சரிதான், ஆனால் அதற்குரிய விலை முதல் இருபது மைலுக்குள்ளேயே காத்திருந்தது. ஹரித்வாரிலிருந்து ரூர்க்கி வரை கால்வாய் சிவாலிக் மலையடிவாரத்தை ஒட்டிப் போகிறது. மலையிலிருந்து இறங்கும் காட்டாறுகள் நான்கு அதன் குறுக்கே வருகின்றன. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். மழைக்காலத்தில் ஒரே இரவில் கரைபுரளும். இவற்றைக் காட்லி கையாண்ட விதம் நீர்ப்பொறியியல் பாடப்புத்தகத்தின் ஒரு முழு அதிகாரம் போன்றது. ராணிப்பூர், பத்ரி என்னும் முதலிரண்டும் கால்வாயைவிட உயரத்தில் வருபவை. ஆகவே காட்டாற்றைப் பாலத்தின் மேலே ஏற்றிக் கால்வாயை அடியில் விட்டார். மூன்றாவதான ரத்மாவ் கால்வாயின் மட்டத்திலேயே வருகிறது. அதைத் தன்னூரி என்னுமிடத்தில் கால்வாய்க்குள்ளேயே நுழையவிட்டு, எதிர்க்கரையில் மதகு வைத்து வெளியேற்றினார். வெள்ளம் வரும்போது மதகுக் கதவுகளைத் திறக்கவேண்டும், வடிந்ததும் மூடவேண்டும். இரவென்றும் பகலென்றும் பாராமல் மனிதர் காவல் நிற்கவேண்டிய ஏற்பாடு அது. நான்காவது சோலானி. அதன் பள்ளத்தாக்கு ஏறத்தாழ மூன்று மைல் அகலம். கால்வாயைவிட மிகவும் தாழ்வு. இங்கே கங்கையைத்தான் தூக்கவேண்டும்.

தூக்குவதற்கு முன் எத்தனையோ முட்டுக்கட்டைகள். 1842 ஏப்ரலில் வெட்டு வேலை தொடங்கியது. அதே ஆண்டு தலைமை ஆளுநராக வந்த எலன்பரோவுக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. பாசனம் இரண்டாம்பட்சம், படகுப் போக்குவரத்தே முதன்மை என்றார். பணம் சொட்டுச் சொட்டாக வந்தது. இடையில் இன்னொரு ஐயம்: கால்வாய் வந்தால் காய்ச்சல் வரும் என்றனர். அதை ஆராய மூவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அம்மூவருள் ஒருவர் ஹென்றி யூல் என்னும் இளம் பொறியாளர். இலக்கிய வாசகர்கள் இந்தப் பெயரில் சற்று நிற்பார்கள். 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் பின்னாளில் தொகுத்த அதே யூல்தான். நம் அணைக்கட்டு ஆங்கிலத்தில் 'அனிகட்' ஆன கதையையும் அந்த அகராதியில் காணலாம். காய்ச்சல் பற்றிய ஐயம் வீணானதன்று என்பதைப் பிற்காலம் காட்டியது. அதற்குப் பின்னால் வருவோம். காட்லி 1845-இல் உடல்நலம் குன்றித் தாயகம் சென்றார். அந்த விடுப்பிலும் வட இத்தாலியின் கால்வாய்களைப் போய்ப் பார்த்தார். அடுத்துத் தலைமை ஆளுநரான ஹார்டிஞ்ச் 1847-இல் நேரில் வந்து பார்த்துப் பணத்தைத் திறந்துவிட்டார். 1848-இல் காட்லி திரும்பியபின்தான் சோலானியில் உண்மையான வேகம் பிறந்தது.

ஹரித்வாரின் பண்டாக்களும் எதிர்த்தனர். கங்கையைச் சிறைவைப்பதா என்பது அவர்கள் கேள்வி. காட்லி அவர்களோடு பேசினார். அணையில் ஓரிடத்தைத் திறப்பாகவே விட்டுவிட ஒப்புக்கொண்டார். நீராடும் படித்துறைகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார். பிள்ளையார் பூசையோடு வேலையைத் தொடங்கினார். இதே கேள்வி அறுபதாண்டு கழித்து மறுபடி எழுந்தபோது மதன் மோகன் மாளவியா முன்னின்று அரசோடு 1916-இல் ஓர் உடன்படிக்கை கண்டார். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இனிப் பாலம். சோலானிப் பள்ளத்தாக்கைக் கடக்கும் அமைப்பு இரு பகுதிகளால் ஆனது. பெரும்பகுதி மண்கரை. பள்ளத்தாக்கின் நெடுகிலும் ஏறத்தாழ இரண்டே முக்கால் மைல் நீளத்துக்கு, சராசரி பதினாறரை அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி உயர்த்தி, அதன்மேல் கால்வாய் செல்கிறது. இந்த மேட்டின் அடி அகலம் 350 அடி. உட்புறக் கரை அரிக்காதிருக்கச் செங்கற்சுவர் படிக்கட்டுப் போல இறங்குகிறது. ஆறு ஓடும் இடத்தில் மட்டும் மண்கரை நின்று கட்டடம் தொடங்குகிறது. அதன் நீளம் 920 அடி. 50 அடி அகலமுள்ள வளைவுக் கண்கள் 15. தூண் ஒவ்வொன்றும் வளைவு தொடங்குமிடத்தில் 10 அடி தடிப்பு. மேலே கால்வாய் நடுச்சுவரால் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 85 அடி அகலமுள்ள இரு தொட்டிகளாக ஓடுகிறது. பக்கச்சுவர் 8 அடி தடிப்பு, 12 அடி உயரம். நீரின் ஆழம் 10 அடி. நீர் போகும் பாதை இரண்டாக இருப்பதால் ஒன்றை அடைத்துப் பழுது பார்க்கையில் மற்றதில் நீர் ஓடலாம்.

எண்களை அடுக்குவது தமிழாசிரியனுக்கு அழகன்று என்று நம் நண்பர்கள் சொல்லக்கூடும். ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் பாரம் புரியும். ஒரு கண்ணின் மேல் நிற்கும் நீர் மட்டும் 50 அடி நீளம், 170 அடி அகலம், 10 அடி ஆழம். அதாவது 85,000 கன அடி. எடை ஏறக்குறைய 2,400 டன். கட்டடத்தின் சொந்த எடை இதில் சேரவில்லை. சாலைப் பாலத்தின் மேல் பாரம் வரும், போகும். நீர்ப்பாலத்தின் மேல் பாரம் இரவும் பகலும் நின்றுகொண்டே இருக்கும். இத்தனையும் எதன்மேல் நிற்கிறது? பாறையின்மேல் அன்று. மணலின்மேல்.

நம்மை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது இந்த இடந்தான். சோலானிப் படுகையில் எட்டும் ஆழத்தில் பாறை இல்லை. சிறிது தோண்டினால் நீர் ஊறி மணல் சரிந்து பள்ளம் தூர்ந்துவிடும். இந்நிலையில் காட்லி கையாண்டது ஐரோப்பாவில் கற்ற முறையன்று. இந்நாட்டுக் கிணறு வெட்டுவோர் வழிவழியாகச் செய்துவந்த முறை. மணற்பாங்கான நிலத்தில் கிணறு தோண்டும்போது அவர்கள் முதலில் பள்ளம் வெட்டுவதில்லை. கனத்த மரவளையம் ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் செங்கற்சுவரை வட்டமாக எழுப்புவர். பிறகு உள்ளே இறங்கி அடிமணலை அள்ளுவர். சுவர் தன் எடையாலேயே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே போவர். நீர் ஊறிய பின்னும் வேலை நிற்காது. 'ஜாம்' என்னும் பெரிய மண்வாரியைக் கயிற்றில் கட்டி இறக்கி, முக்குளித்து அடியில் பதித்து மேலே இழுப்பர். ஆக்ராவில் யமுனைக்கரையில் தாஜ்மகாலின் ஆற்றோர அடித்தளத்தைத் தாங்குவதும் இவ்வகைக் கிணறுகளே என்பர்.

சோலானியில் இதே முறை பெரிய அளவில் பயன்பட்டது. 20 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி ஆழம் கொண்ட செங்கற்பாளம் ஒவ்வொன்றிலும் நான்கு கிணற்றுத் துளைகள் விடப்பட்டன. நான்கு துளைகளின் வழியாகவும் ஆட்கள் மணலை அள்ள, பாளம் மெல்ல மணலுக்குள் புதைந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால், உயர்ந்து நிற்கும் பக்கத்துத் துளையில் கூடுதலாக அள்ளி நேராக்கலாம். ஒற்றைத் துளையிருந்தால் அது கைகூடாது. வேண்டிய ஆழத்தை எட்டியதும் துளைகளை நிரப்பி, பாளங்களின் மேல் தூண்களை எழுப்பினர். கண்ணுக்குத் தெரியும் கட்டடம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு கட்டடம் மண்ணுக்கடியில் இருப்பதாக அக்காலத்து எழுத்துகள் சொல்கின்றன. ரூர்க்கிக்குச் சென்று சிங்கச் சிலைகளையும் வளைவுகளையும் படமெடுத்துத் திரும்புவோர் பாலத்தில் பாதியைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள்.

பட்டினப்பாலை பாடம் நடத்தும்போது உறைக்கிணறு என்னும் சொல் வரும். மாணவர் கண்களில் எந்தப் படமும் தோன்றாது. சுட்ட மண்வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளிருந்து மணலை அள்ளி இறக்குவதே அதன் செய்முறை என்று விளக்கினால், ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகள் மட்டும் தலையசைப்பர். 'உறை இறக்குதல்' அவர்கள் வீட்டில் இன்றும் வழங்கும் சொல். அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த உறைகிணறுகள் அந்த அறிவின் பழமைக்குச் சான்று. காட்டனும் 1836-இல் கொள்ளிடத்து மேலணையைக் கிணற்று வரிசைகளின் மேலேயே எழுப்பினார். நெகிழ்மணலில் கடைகால் இடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமே கற்றோம் என்று வெளிப்படையாக எழுதியவரும் அவர். தெற்கிலும் வடக்கிலும் ஒரே காலத்தில் இரு ஆங்கிலப் பொறியாளர்கள் இந்நாட்டுக் கிணறு வெட்டுவோரின் கையையே நம்பினர். காட்லி 1860-இல் வெளியிட்ட மூன்று தொகுதி அறிக்கையில் செங்கல் சூளையும் காரைக் கலவையும்கூட விரிவாக எழுதப்பட்டுள்ளன. நீருக்கடியில் முக்குளித்து மணல் அள்ளியவர்களின் பெயர்கள் பாலத்தில் எங்கும் பொறிக்கப்படவில்லை.

செங்கல்லும் பெரும்பாடு. தரமான செங்கல்லை விலைக்கு வாங்க வழியில்லாத இடத்தில் சூளைகளைத் தாமே நிறுவி, விறகு தேடி, களிமண் பிசைந்து கோடிக்கணக்கில் சுட்டெடுத்தனர். சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்த்து அரைத்த சுர்க்கிக் காரையே கட்டுமானத்துக்கு. முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிய பேச்சால் சுர்க்கி என்னும் சொல் நம் நாளிதழ் வாசகர்களுக்குப் பழகியதுதான்.

மண்கரைக்கு வேண்டிய மண்ணைக் கொண்டுவரத் தண்டவாளம் இட்டனர். முதலில் வண்டிகளை ஆட்களும் குதிரைகளும் இழுத்தன. 1851 டிசம்பர் 22 அன்று இங்கிலாந்திலிருந்து வந்த நீராவி எந்திரம் ஒன்று ஓடியது, பெயர் 'தாமசன்'. பம்பாயிலிருந்து தாணாவுக்கு ரயில் ஓடியது 1853-இல் அல்லவா; ஆகவே இந்தியாவின் முதல் ரயில் எந்திரம் சோலானியில்தான் ஓடியது என்று ரூர்க்கிக்காரர்கள் பெருமைப்படுவர். சென்னைச் செங்குன்றத்தில் 1837-இலேயே கல் சுமக்க இருப்புப்பாதை இட்டு நீராவி எந்திரத்தை ஓட்டிப் பார்த்த கதையை நாம் எடுத்துச் சொன்னால் அவர்கள் முகம் சற்று வாடும். எப்படியாயினும் 'தாமசன்' நெடுநாள் உழைக்கவில்லை. சில மாதங்களில் கெட்டு நின்றது. வேலையாட்கள் அதை ஒரு தொல்லையாகவே கருதினார்கள், நின்றபோது மகிழ்ந்தார்கள் என்று சொல்வர். கரையை உயர்த்தியது பெரும்பாலும் மனிதத் தோள்தான்.

எந்திரத்துக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் தாமசன் வடமேற்கு மாகாணங்களின் துணை ஆளுநர். கால்வாய்க்கு ஓவர்சியர்களும் பொறியாளர்களும் வேண்டும், இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கட்டுப்படியாகாது என்பதால், 1847-இல் ரூர்க்கியிலேயே ஒரு பொறியியல் கல்லூரியை அவர் தொடங்கினார். அவர் மறைந்தபின் தாமசன் கல்லூரி என்றே வழங்கிய அது 1949-இல் பல்கலைக்கழகமாயிற்று. 2001 முதல் ஐ.ஐ.டி.

இனிக் காட்டன். 1860-களின் தொடக்கத்தில் கங்கைக் கால்வாயைப் பார்வையிட்ட அவர் கடுமையான அறிக்கை ஒன்றை எழுதினார். தலைமதகை ஹரித்வாரில் வைத்ததே முதற்பிழை. மேடும் பள்ளமும் காட்டாறும் நிறைந்த பகுதியைத் தாண்டிக் கீழே ஓரிடத்தில் ஆற்றை அணைகட்டி உயர்த்தித் தொடங்கியிருந்தால் இத்தனை பாலங்களும் வேண்டியிருக்கா. கால்வாயின் சரிவு அதிகம். ஆற்றில் நிலையான அணை இல்லை. கல் கிடைக்கும் நாட்டில் செங்கல்லால் கட்டியிருக்கிறார்கள். இவையே அவர் கூற்றுகளின் சாரம். அப்போது ஓய்வுபெற்று இங்கிலாந்தில் இருந்த காட்லி சும்மா இருக்கவில்லை. பதில் நூல் அச்சிட்டார். அதற்குக் காட்டன் பதில் எழுதினார். நம் இலக்கியச் சிற்றிதழ்ச் சண்டைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சண்டையின் நடை புதிதாகத் தோன்றாது.

யார் சொன்னது சரி? சரிவு பற்றிக் காட்டன் சொன்னது சரி. மைலுக்குப் பதினைந்து அங்குலம் என்று காட்லி வைத்த சரிவு, நொடிக்கு 6,750 கன அடி நீரைச் சுமக்கும் மணற்கால்வாய்க்கு மிகுதி. நீர் விடப்பட்டதும் அடிமண் அரிக்கத் தொடங்கியது. நீர் படியிறங்கும் இடங்களில் கட்டடங்களே ஆட்டம் கண்டன. கேப்டன் கிராஃப்டன் என்பவரைக் கொண்டு திருத்தத் திட்டம் தீட்டவேண்டி வந்தது. நிலையான அணை பற்றிச் சொன்னதும் சரியே. ஆண்டுதோறும் ஆற்றில் உருளைக்கல்லை அடுக்கித் தற்காலிக அணை கட்டி வந்த ஹரித்வாரில் நிலையான அணை எழ இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. கீழே இன்னொரு தலைமதகு வைக்கலாம் என்னும் எண்ணமும் வீண்போகவில்லை. நரோராவில் ஆற்றை மறித்துக் கீழ்க்கங்கைக் கால்வாய் 1878-இல் திறக்கப்பட்டது.

ஆனால் சோலானிப் பாலம் வீண் என்ற கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. காட்டன் டெல்டாக்களின் மனிதர். காவிரியிலும் கோதாவரியிலும் ஆறு நிலத்தைவிட உயர்ந்து ஓடும். ஓர் அணை போட்டு நாலடி உயர்த்தினால் நீர் தானே வயலுக்கு வழிந்தோடும். தோவாபில் ஆறு பள்ளத்தில் கிடக்கிறது. கீழே அணை போட்டால் தோவாபின் கீழ்ப்பகுதி நனையும்; சகாரன்பூர், முசாபர்நகர், மீரட் நனையா. அந்த மேட்டுக்கு நீர் ஏறவேண்டுமானால் ஹரித்வாரில் தொடங்கியே ஆகவேண்டும், தொடங்கினால் சோலானியைக் கடந்தே ஆகவேண்டும். தஞ்சாவூர்க் கண்ணால் மீரட்டைப் பார்த்தார் காட்டன் என்று சொன்னால் அவர்பால் நாம் கொண்ட மதிப்புக் குறைந்துவிடாது. நீர்ப்பாலம் என்பதே அவருக்கு ஆகாத பொருளும் அன்று. கோதாவரி டெல்டாவில் கன்னவரம் அருகே ஆற்றின் ஒரு கிளையைத் தாண்ட 49 கண் கொண்ட நீர்ப்பாலத்தை அவருடைய உதவியாளர் ஹெய்க் கட்டியிருந்தார்.

கால்வாய் செய்த தீங்கையும் சொல்லவேண்டும். நெடிய மண்கரைகள் மழைநீர் வடியும் பாதைகளை மறித்தன. தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கிற்று, உவர் பூத்தது, காய்ச்சல் பரவிற்று. வடஇந்திய வேளாண்மை பற்றி எலிசபெத் விட்கோம்ப் 1972-இல் எழுதிய நூல் இதனை விரிவாகப் பேசியது. இயன் ஸ்டோன் 1984-இல் எழுதிய நூல் மறுபக்கத்தை, கால்வாயால் குடியானவன் அடைந்த பயனை, எடுத்துக்காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கு எந்த முடிவும் எளிதில் கிட்டாது. 1860-61-இல் மீண்டும் மழை பொய்த்தபோது கால்வாய் நீர் எட்டிய ஊர்களில் விளைந்தது, எட்டாத ஊர்களில் பசி தலைவிரித்தாடியது என்பது மட்டும் மறுக்க முடியாதது.

நாம் சென்றிருந்தது ஒரு பங்குனி மாதம். மேலே கால்வாய் கரைநிறைய ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் கீழே இறங்கினால் சோலானி ஒரு கண்ணில் மட்டும் ஓடையாக நெளிந்தது. ஏனைய கண்களுக்கடியில் மணலும் புல்லும். பதினைந்து கண்கள் எதற்கு, நான்கு போதாவா என்று உடன் வந்தவர் கேட்டார். ஆற்றுக்கென்று திறந்து விடப்பட்ட வழி 750 அடி. வறண்ட மாதத்தில் பார்ப்பவனுக்கு அது ஆடம்பரமாகவே தோன்றும். இன்று மேல்கங்கைக் கால்வாய் நொடிக்கு 10,500 கன அடிக்கு விரிந்துவிட்டது. பழைய பாலத்தின் பக்கத்திலேயே கான்கிரீட் நீர்ப்பாலம் ஒன்றும் எழுந்துள்ளது. பழைய கண்கள் அப்படியே நிற்கின்றன.

உடன் வந்தவர் கேட்ட கேள்விக்கு விடை கீழ்க்கங்கைக் கால்வாயில் இருக்கிறது. அங்கே காஸ்கஞ்சுக்கு அருகில் நத்ராய் என்னுமிடத்தில் காளி நதியைக் கடக்கவும் ஒரு நீர்ப்பாலம் கட்டினார்கள். காட்லிக்கு ஒரு தலைமுறை பிந்தியவர்கள்; கல்லூரியில் முறையாகப் படித்தவர்கள். காளி நதி சிற்றாறுதானே என்று குறுகலான வழி போதுமென்று கணக்கிட்டனர். 1885 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்தப் பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று, கால்வாய் அறுந்தது. மறுபடி கட்டியபோது 60 அடி அகலத்தில் கண்கள் வைத்தனர். எண்ணிக்கை சோலானியில் உள்ளதே, பதினைந்து. தூண்களுக்குக் கிணறுகளை மணலுக்குள் வெகுஆழம் இறக்கினர். 1889-இல் முடிந்த அந்தப் பாலத்தின் மேல் கீழ்க்கங்கைக் கால்வாய் இன்றும் ஓடுகிறது.